திருப்பிப் போட்ட கால்சட்டை

குமாருக்கும் மலருக்கும் அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை குமார் கல்லூரி நெடுந்தூர ஓட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். இரண்டு காலையும் அகட்டி, நடுவில் ஒரு தண்ணீர்த் தவலை இருப்பதைப் போலவும் அது கவிழ்ந்துவிடக் கூடாதென்பதைப் போலவும் வாசற்படி ஏறினான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உங்கள் அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து அம்மிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்படியே உங்கப்பாரு! மாப்பிள்ளை பாக்க வந்தன்னிக்கு இதே நடைதான் நடந்து காமிச்சாரு!”

“எனக்கு உயிரு போவுது, உனக்கு சிரிப்பு வருதா?” என்று குமார் கத்தினான். “இன்னாப்பா அது கதை?” என்று மலர் என் கையிலிருந்த செய்தித்தாளைப் பிடுங்கினாள். வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அதனால் எழுதிவிடுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று விழுப்புரத்தில் எனக்கு மாலை போட்டார்கள் அல்லவா? அப்போது ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளெல்லாம், “அண்ணே, ரன்னர் காலத்து அனுபவத்தைச் சொல்லுங்க” என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மழை, பாம்பு, ஏரி உடைந்தது என்று எதையோ சொல்லி இறங்கிவிட்டேன். உண்மையான கஷ்டத்தைச் சொல்லவில்லை. அந்தக் கஷ்டம் தொடையில் இருந்தது. தொடையைப் பற்றி மைக்கில் எப்படிப் பேசுவது?

விழுப்புரம் ரயிலடியில் தபால் மூட்டை ஏற்றி இறக்குவதில்தான் என் பிழைப்பு தொடங்கியது. ஐம்பதுகளின் நடுவில் அது. இரண்டு வருஷம் மூட்டை தூக்கினேன். நான் மூட்டையோடு பிளாட்பாரத்தில் ஓடுவதை யாரோ ஒரு மேலதிகாரி பார்த்திருக்கிறார். திண்டிவனத்தில் ரன்னர் வேலை காலியானதும் என்னை அனுப்பிவிட்டார்கள். பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. “ரோடு தெரியுமா?” என்று கேட்டார்கள். “தெரியுங்க” என்றேன். அவ்வளவுதான்.

வல்லம் பக்கத்தில் பஸ் போகாத உள்கிராமங்களுக்குத் தபால் பையைக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கிருந்து வரும் பையை வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். போக வரப் பதினைந்து மைல் இருக்கும். எல்லாம் ஓட்டம்தான்.

காலையில் போஸ்ட்மாஸ்டர் கடிதங்களைப் பையில் போட்டு, வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரையை அழுத்துவார். அரக்கு ஆறும்வரை பையை யாரும் தொடக்கூடாது. ஆறியதும் நான் முடிச்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “முத்திரை முழுசா இருக்குதுங்க” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த நொடியிலிருந்து பை என் பொறுப்பு. இடது தோளில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் பையின் வாரை மாட்டுவேன். வலது கையில் சலங்கை கட்டிய ஈட்டிக் கம்பு. ஜல் ஜல்லென்று சத்தம் கேட்டால் பாம்பு விலகும், வண்டிக்காரன் ஒதுங்குவான், ஊரில் இருப்பவர்கள் நேரம் தெரிந்து உலை வைப்பார்கள்.

எங்களுக்கு மேலே ஓவர்சியர் ஒருவர் இருந்தார். பக்கிரிசாமி என்று பெயர். ரன்னர்கள் ஒழுங்காக ஓடுகிறார்களா என்று சைக்கிளில் வந்து பார்ப்பது அவர் வேலை. தோளில் பை இருக்கும்போது கால் நிற்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தை அவரே மீற மாட்டார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னை நிறுத்தாமல், பக்கத்திலேயே சைக்கிளை மெல்ல மிதித்துக்கொண்டு வருவார். என்னை நலம் விசாரித்ததே இல்லை. பையைத்தான் விசாரிப்பார்.

“பை எப்படி இருக்குது?”

“நல்லா இருக்குதுங்க.”

“நேத்து மழையில?”

“எண்ணெய்த்துணி போத்திட்டேங்க.”

“நீ நனைஞ்சியா?” என்று ஒருமுறை கேட்டார். நான் உருகிப்போய், “தொப்பலா நனைஞ்சேங்க” என்றேன்.

“ஈரத் தோளோட பையைத் தொடாத” என்றார்.

இந்த வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம் வேட்டியை வரிந்து கோவணமாகக் கட்டிக்கொண்டுதான் ஓடினேன். ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு எங்களுக்குக் காக்கி உடுப்பு வந்தது. கெட்டித் துணி கொடுத்து, விழுப்புரத்தில் ஒரு தையல்காரரிடம் அளவு கொடுக்கச் சொன்னார்கள். அவர் மூட்டை தைக்கிற பலத்தோடு தைத்தார். தொடை இடுக்கில் நாலு மடிப்பு ஒன்றுகூடி, இரட்டைத் தையலோடு ஒரு கயிறு மாதிரி நின்றது. “கிழியாதுப்பா, உன் புள்ள போட்டுக்கலாம்” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கால்சட்டை போட்ட முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். சலவைக்காரரிடம் கொடுத்து, கஞ்சி நன்றாகப் போடச் சொன்னேன். அவரும் மனசார ஊற்றிவிட்டார். மடித்து வைத்தால் பலகை. நிமிர்த்தி வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும். அதை மாட்டிக்கொண்டு திண்டிவனம் கடைத்தெருவில் நான் ஓடியபோது, டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வாயில் வைத்தபடியே தலையைத் திருப்பினார்கள். எனக்கு நாலு சலங்கை கூடுதலாகக் கட்டினது போல இருந்தது.

மூன்றாவது மைலில் ஏதோ எறும்பு கடித்தது. ஐந்தாவது மைலில் அது எறும்பு இல்லை என்று தெரிந்தது. வேர்வை கஞ்சியோடு கலந்து காய்ந்து, அதன்மேல் வேர்வையின் உப்பும் படிந்து, அந்தத் தையல் அரம் போல அறுத்தது. பையை ஒப்படைத்துவிட்டு, அந்த ஊர்க் கிணற்றடியில் பார்த்தேன். இரண்டு தொடையிலும் தோல் வழண்டு சிவந்திருந்தது. தண்ணீர் ஊற்றினேன். குமாரு, அந்தக் குதி இருக்கிறதே, நீ குளியலறையில் குதித்தாயே, அதே குதி.

என்னோடு திண்டிவனத்தில் இன்னொரு ரன்னர் இருந்தான். கோவிந்தன். என் வயசுதான். வேறொரு ரோட்டில் ஓடுபவன். எதைக் கேட்டாலும் அவனிடம் மருந்து இருக்கும். எந்த மருந்தும் வேலை செய்யாது. அதற்காக அவன் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

“இதுக்கா பேஜாரு? தேங்கா எண்ணெய் தடவுடா, வழுக்கிக்கினு போவும்” என்றான்.

தடவினேன். வழுக்கிக்கொண்டுதான் போனது. கொஞ்ச தூரத்தில் எண்ணெய் உருகி இறங்கிவிட்டது. அப்போது வண்டித் தடத்துப் புழுதி எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் அரம் மட்டும் இருந்தது. இப்போது அரமும் மணலும்.

“எண்ணெய் தப்பு. ஈரம் ஆவாது. மாவு போடு” என்றான் கோவிந்தன். முகத்துப் பவுடர் வாங்க யோசித்தேன். “கேப்பை மாவு எதுக்குடா இருக்குது?” என்றான். என் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பிடி கேப்பை மாவை எடுத்துப் பூசிக்கொண்டேன். வெயில் ஏறியது, வேர்த்தது. வேர்வையும் மாவும் சேர்ந்தால் என்ன ஆகும்? அது முழங்கால் வழியாக இறங்கி வந்தது. ஒரு கிராமத்தில் நாய் ஒன்று குரைக்காமல், மிக அன்பாக, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்தது.

“இன்னா தபாலு, கூழு ஊத்திக்கினு போறியே! எந்தக் கோயிலுக்கு?” என்று ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார். பை தோளில் இருந்தது. நின்று பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது மருந்து சைக்கிள் கடை கிரீஸ். “சக்கரமே உரசாம ஓடுது. உன் தொடைக்கு இன்னா வந்துச்சு?” என்று கோவிந்தன் நியாயம் பேசினான். அது கொஞ்சம் வேலை செய்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தடவின கையை நான் சரியாகத் துடைக்கவில்லை. அன்றைக்கென்று ஓவர்சியர் வந்தார். “பை எப்படி” என்று தொடங்கியவர் பையின்மேல் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருப்பதைப் பார்த்தார். கேள்வியை முடிக்கவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாமல் போனதைப் போல அவர் முகம் மாறிவிட்டது. பையை இறக்கிய பிறகு அன்று சாயங்காலம் முழுக்க நான் சீமெண்ணெயில் துணியை நனைத்துப் பையைத் துடைத்தேன். அவர் கூடவே நின்று, “மெல்ல, மெல்ல” என்றார்.

இனிமேல்தான் உங்கள் அம்மா வருகிறாள்.

என் ரோட்டில் அவள் ஊர் இருந்தது. ரோட்டை ஒட்டி அவர்கள் மல்லாட்டைக் கொல்லை, கண்ணுக்கெட்டிய வரை வேர்க்கடலைச் செடி. களை எடுக்கிற பெண்கள் சலங்கைச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து ஏதாவது கத்துவார்கள். “எங்களுக்கு மணியார்டர் இருக்குதா?” என்பார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டே ஓடுவேன். எல்லோரும் நிமிரும்போது ஒருத்தி மட்டும் நிமிர மாட்டாள். மண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே களைக்கொட்டால் கொத்துவாள். எனக்கு அந்த ஒருத்தியைத்தான் தெரிந்தது. பெயர் தனபாக்கியம் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அந்தக் கொல்லை வருவதற்கு முன்னாலேயே என் கால் தானாக வேகம் எடுக்கும். வீட்டில் என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் மாமனிடம் சொன்னார். மாமா குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தார். பெண்ணின் அப்பா முதலில் மாப்பிள்ளையை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் தாத்தாவை நீங்கள் வயசான காலத்தில்தான் பார்த்தீர்கள். அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் யார் மாடு வாங்கப் போனாலும் அவரைக் கூட அழைத்துப் போவார்கள். அவர் கொம்பைப் பார்க்க மாட்டார், பல்லைப் பார்க்க மாட்டார். “நடக்க விடு” என்பார். குந்தி உட்கார்ந்து பின்னங்காலை மட்டும் பார்ப்பார். பார்த்துவிட்டு எழுந்தால் முடிந்தது.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த புதன்கிழமை என் தொடை இருந்த நிலையைச் சொல்லி முடியாது. கிரீஸை மண்ணெண்ணெய் போட்டு எடுத்ததில் இருந்த தோலும் போயிருந்தது. நான் பாயில் உட்கார்ந்திருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. சம்பளம் கேட்டார், ரோடு கேட்டார். அவருக்கும் திருப்தி. பிறகு சொன்னார்:

“தாகமா இருக்குது. கெணத்துல ஒரு சொம்பு தண்ணி மொண்டுக்கினு வா தம்பி.”

கிணறு தோட்டத்துக் கோடியில் இருந்தது. அவர் மெதுவாகத் திரும்பிக் குந்தி உட்கார்ந்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் போனேன். காலைச் சேர்த்து வைத்து நாலடி நடந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்தாவது அடியில் கால் தானே அகன்றுவிட்டது. திரும்பி வரும்போது சொம்பிலிருந்த தண்ணீர் இரண்டு பக்கமும் அலைந்து அலைந்து சிந்தியது. அவர் அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தார்.

“வூட்டுல கலந்துக்கினு சொல்லி அனுப்பறோம்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியும்.

ஏன் வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெண் கேட்கிற இடத்தில், வந்தவரிடம், “எனக்குத் தொடையில் புண்” என்றால் சொறி சிரங்கு என்று நினைப்பார். சொல்லாமல் விட்டதில் அதைவிடப் பெரியதாக நினைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு ஓதம் என்று ஒரு வியாதி உண்டு. விதை வீங்கிக் காலை அகட்டி நடப்பார்கள். இரண்டு நாளில் இரண்டு ஊரிலும், தபால்காரப் பையனுக்கு ஓதம் என்று பேச்சு பரவிவிட்டது. கோவிந்தன் ஓடி வந்து, “இதுக்கு என்கிட்ட ஒரு மருந்து இருக்குதுடா” என்றான். ஈட்டிக் கம்பை எடுத்துக்கொண்டு அவனைத் தெருமுனை வரை விரட்டினேன், அந்த நடையிலேயே.

மாமா வந்தார். என் அம்மாவைக் கடைக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

“டேய், உண்மையச் சொல்லு. இன்னா இருக்குது உனக்கு?”

“புண்ணு மாமா. கால்சட்டை உரசி.”

“காமி.”

புண்ணை மட்டும் காட்டினேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். “இதானா! இதுக்கா ஒரு சம்பந்தம் போச்சு?”

“நீங்க போய் அவருகிட்ட சொல்லுங்க மாமா.”

“நான் சொன்னா நம்புவாரா? மாட்டை விக்கிறவன் மாட்டுக்கு நோவு இருக்குதுன்னா சொல்லுவான்னு கேப்பாரு.”

அடுத்து நடந்தது எனக்கு அப்போது தெரியாது. பிற்பாடு உங்கள் அம்மாவே சொன்னது. அவர்கள் வீட்டில் தாத்தா சோற்றில் கை வைத்தபடி, “பையன் நல்லவன்தான். ஆனா நடையில தெரிஞ்சுபோச்சு. ஓதம்” என்றாராம். அடுப்படியிலிருந்து இவள் வெடித்திருக்கிறாள்.

“அதெல்லாம் ஒண்ணும் கெடையாது! போன மாசம் வரிக்கும் வேட்டியை வரிஞ்சு கட்டிக்கினு மானாட்டம் ஓடினாரு. அந்தக் கால்சட்டை வந்ததுலேர்ந்துதான் இப்படி.”

தாத்தா மெதுவாகக் கேட்டாராம்:

“நீ எங்க பாத்த?”

“சலங்கை சத்தம் கேட்டா பாக்க மாட்டாங்களா? நம்ம மாடே திரும்பிப் பாக்குது!”

நிமிராத தலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! அவள் நான் அந்தப் பக்கம் தாண்டின பிறகு நிமிர்ந்து, ரோடு வளைகிற வரைக்கும் பார்த்திருக்கிறாள். இதை எழுதும்போதுகூட என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

தாத்தா மாட்டு விஷயத்தில் நியாயம் தவறாதவர். பாரம் ஏற்றிப் பார்க்காமல் எந்த மாட்டையும் அவர் வேண்டாமென்று சொன்னதில்லை. “சரி, திங்கக்கிழமை பாரத்தோட பாக்கறேன். மதகுக் கட்டையில உக்காந்துக்கினு இருப்பேன். அவன் ஓடி வரட்டும்” என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். மாமா வந்து என்னிடம் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறுதான் இருந்தது. அன்று தபால் இல்லை. புண் கொஞ்சம் காயும். ஆனால் அதே கால்சட்டை, அதே தையல். பாதி வழியில் கால் அகன்றால் முடிந்தது.

சனிக்கிழமை நான் மல்லாட்டைக் கொல்லையைத் தாண்டும்போது அவளுடைய அத்தை வரப்பில் நின்று, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கத்தினார்.

“தபாலு! எங்க வூட்டுப் பொண்ணு உன்னைக் கால்சட்டையைத் திருப்பிப் போட்டுக்கினு ஓடச் சொல்லுது!”

கொல்லையே சிரித்தது. நான் அவமானத்தோடு ஓடினேன். கிண்டல் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கால்சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போதுதான் உறைத்தது. உள்பக்கம் வெளியே தெரிய அது தொங்கியது. கயிறு மாதிரித் தடித்த தையல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கூடத்தில் நின்று நானாகச் சிரித்தேன். அம்மா பயந்துபோய் விபூதி எடுத்து வந்தார்.

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், மாட்டின் கழுத்துக்கும் நுகத்தடிக்கும் நடுவில் வைக்கிற சாக்குத் திண்டை வீட்டில் அவள்தான் தைப்பாள். தையல் கழுத்துப் பக்கம் வந்தால் மாட்டுக்குப் புண் வரும். அதனால் எப்போதும் வெளிப்பக்கம் விட்டுத்தான் தைப்பது. மாட்டுக்குச் செய்ததை எனக்கும் சொல்லியிருக்கிறாள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கால்சட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சியைப் பிழிந்து பிழிந்து எடுத்தேன். திங்கள் காலையில் புண்ணைக் கழுவி ஈரம் போகத் துடைத்தேன். விளக்கெண்ணெயைக் கெட்டியாகத் தடவினேன். அது தேங்காய் எண்ணெய் போல இறங்கி ஓடாது. பசையாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதற்குமேல் நைந்த பழைய வேட்டியைக் கிழித்து, உடம்போடு ஒட்டி இறுக்கிக் கட்டினேன். தொளதொளவென்று விட்டால் அதுவே உரசும். எல்லாவற்றுக்கும் மேலே கால்சட்டையைத் திருப்பிப் போட்டேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன், பைக்காக. போஸ்ட்மாஸ்டர் அரக்கு ஆறும்வரை என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்சட்டையின் இரண்டு ஜோபியும் வெளியே தள்ளி ஆட்டுக் காது மாதிரித் தொங்கின. பெரிய மனுஷர், ஒன்றும் கேட்கவில்லை.

ஓடினேன். பிள்ளைகளே, அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வது? மூன்றாவது மைல் வந்தது, எறும்பு வரவில்லை. ஐந்தாவது மைல் வந்தது, ஒன்றும் இல்லை. ஜோபி இரண்டும் இடுப்பில் தட்டித் தட்டி என்னை ஓட்டின. சலங்கைக்குப் பழகின நாய்களெல்லாம் அன்றைக்குப் புதிதாகக் குரைத்தன. நான் அவற்றுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு ஓடினேன்.

மதகுக் கட்டையில் தாத்தா குந்தியிருந்தார். நல்ல காரியம் என்று புதுக் கோடி வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். இன்னும் தண்ணீரில் நனைக்காத வேட்டி, கஞ்சி மொடமொடவென்று இருந்தது. என் காலையே பார்த்தார். நான் அவரைத் தாண்டியதும், “தம்பி, நில்லு!” என்றார்.

அதே நேரம் எதிரே சைக்கிள் மணி அடித்தது. ஓவர்சியர்! நான் நிற்கவில்லை. ஓவர்சியர் சைக்கிளைத் திருப்பிப் பக்கத்தில் வந்தார். தாத்தா விடுவாரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் ஓடி வந்தார்.

“பை எப்படி இருக்குது?” என்றார் ஓவர்சியர்.

“நல்லா இருக்குதுங்க.”

அவர் கண் கீழே இறங்கியது. “ஜோபி வெளியே தொங்குதே. இன்னா இது வேஷம்?”

“உள்பக்கத் தையல் தொடையை அறுக்குதுங்க. திருப்பிப் போட்டா அறுக்கலீங்க.”

ஓவர்சியர் சிறிது தூரம் யோசித்துக்கொண்டே மிதித்தார். “எண்ணெய் கிண்ணெய் தடவியிருக்கிறியா?”

“விளக்கெண்ணெய்ங்க.”

“பை மேல பட்டுதா?”

“இல்லீங்க. கையைக் கழுவிட்டுத்தான் தொட்டேங்க.”

“அப்ப சரி.”

தாத்தாவுக்கு மேல்மூச்சு வாங்கியது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். “ஐயா... இந்தப் பையன்... ஆளு எப்படிங்க?”

ஓவர்சியர் அவரை அப்போதுதான் பார்த்தார். யார், எதற்காக ஓடி வருகிறார் என்று கேட்கவில்லை. “பை நனையாம வருது. முத்திரை உடையாம வருது. நேரத்துக்கு வருது. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

“அது... போதுங்க” என்றார் தாத்தா.

போதும் என்றவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. என் கால் பாதி வழியில் அகலுமா என்று பார்க்க வேண்டுமே. அந்தப் புது வேட்டியோடு, வெயிலில், மல்லாட்டைக் கொல்லை வரைக்கும் கூடவே ஓடி வந்தார். ஒரு மைலுக்குமேல் இருக்கும். கொல்லையில் பெண்கள் களைக்கொட்டைப் போட்டுவிட்டு ரோட்டோரத்தில் வந்து நின்றார்கள். சலங்கையோடு நான், பக்கத்தில் சைக்கிளில் ஓவர்சியர், அந்தப் பக்கம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தாத்தா. அன்றைக்குத்தான் உங்கள் அம்மா எல்லோருக்கும் முன்னால் நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தை அல்ல, ஜோபியை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். தாத்தா கொல்லைமேட்டில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார். பிள்ளைகளே, சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு காலையும் அகட்டித் தவலையைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்.

வீட்டு வாசலில் உங்கள் அம்மாவைப் பெற்ற ஆயா கேட்டாராம்: “இன்னா, உனக்கும் ஓதமா?”

மறுநாளே மாமாவுக்கு ஆள் வந்தது. “பையனுக்கு ஒண்ணும் இல்ல. ஓடினா வர்றதுதான் அது. எனக்கே வந்துடுச்சு. நல்ல நாளு பாருங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குப்பி விளக்கெண்ணெய் இருக்குமா என்றும் கேட்டு அனுப்பியிருந்தார்.

ஓவர்சியர் அந்த வாரமே கோவிந்தனையும் கால்சட்டையைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார். ஆனால் ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் நேராகப் போட்டுக்கொள்ள வேண்டும், இலாகாவுக்கு மரியாதை போய்விடக் கூடாது என்பது நிபந்தனை. ஊர் எல்லையில் ஒரு பனைமரத்துக்குப் பின்னால் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாங்கள் உடுப்பு மாற்றுவோம். அப்போதும் கால் நிற்கக் கூடாதே, அதனால் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு. அறுபதுகளில் என் ரோட்டுக்குப் பஸ் வந்தது, பை பஸ்ஸில் ஏறியது. என்னை விழுப்புரத்துக்கே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஓடவேண்டிய வேலை இல்லை. ஆனாலும் இன்றுவரை எந்தத் துணி வாங்கினாலும் முதலில் உள்பக்கத் தையலைத்தான் தடவிப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் என்ன நினைக்கிறார்களோ.

குமாரு, உனக்குச் சொல்ல வேண்டியது இதிலேயே இருக்கிறது. பந்தயத்தன்று புதுத் துணி போடாதே, நாலு நாள் முன்னதாகப் போட்டு ஓடிப் பழக்கு. உடம்போடு ஒட்டினதைப் போடு. எண்ணெயைப் புண் வந்தபிறகு தேடாதே, கிளம்புவதற்கு முன்னால் தடவு. நடுவில் தண்ணீர் கிடைத்தால் உப்பைக் கழுவி, ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தடவு. அக்குளுக்கும் அப்படித்தான். மாவு வேண்டாம். நாய் வரும்.

இதை எழுதி முடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். கொடியில் உன் ஓட்டக் கால்சட்டை காய்ந்துகொண்டிருக்கிறது. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. உங்கள் அம்மா துவைத்துத் திருப்பிப் போட்டிருக்கிறாள். இரண்டு ஜோபியும் வெளியே தள்ளி, காற்றில் ஆட்டுக் காது மாதிரி ஆடுகின்றன. அடுப்படியில் அவள் தனியாகச் சிரிக்கிற சத்தம் இன்னும் கேட்கிறது.